தொலைவில் இருக்கும் சர்வருக்குத் தானாக ஓடும் பேக்கப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடகைக்கு எடுத்த ஒன்றிரண்டு லினக்ஸ் சர்வரில் கடை பில்லிங், பள்ளிக் கட்டண விவரம், சின்ன வலைத்தளம் என்று எதையாவது ஓட்டிக்கொண்டு, அதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் வைக்க வசதியில்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட சர்வர்களைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன், அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பேக்கப் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், அதைச் சொல்ல இந்தப் பக்கம் தேவையில்லை. தானாக ஓட வைத்த பேக்கப் ஒருநாள் தானாகவே நின்றுபோய், அது யாருக்கும் தெரியாமல் மாதங்கள் ஓடிவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த விபத்து. அதனால் பதில்களில் பாதி அதைச் சுற்றியே இருக்கும்.

சர்வர் கொடுத்த நிறுவனமே தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறது. அது போதாதா?

அதை நிறுத்தாதீர்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க் அந்தக் கணத்தில் இருக்கும் நிலையின் நகல், பெரும்பாலும் உங்கள் சர்வர் இருக்கும் அதே கணக்கில், பல சமயம் அதே ஊரில், சில சமயம் அதே கட்டடத்தில் இருக்கிறது. கணக்கின் பாஸ்வேர்டு திருட்டுப் போனால் சர்வரும் போகும், ஸ்னாப்ஷாட்டும் போகும். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. அவர்களுடைய அமேசான் கிளவுட் கணக்குக்குள் புகுந்த ஒருவன் பணம் கேட்டு மிரட்டினான், கணக்கைத் திரும்பப் பிடிக்க அவர்கள் முயன்றதும் டிஸ்க், ஸ்னாப்ஷாட், பேக்கப் என்று கைக்கு எட்டியதை எல்லாம் அழித்தான். மற்றவர்களின் நிரல்களைப் பத்திரமாக வைத்துத் தருவதே அந்த நிறுவனத்தின் தொழில். அதோடு அது மூடப்பட்டது.

கணக்கு பத்திரமாக இருந்தாலும் கட்டடம் பத்திரமாக இருக்க வேண்டுமே. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து ஒரு கட்டடம் முழுவதுமாக எரிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகப் போனது. ஆக, வேறு நிறுவனம், வேறு கணக்கு, வேறு ஊர் என்று மூன்றும் வேறாக இருக்கும் ஒரு நகலாவது வேண்டும். சர்வர் மும்பையில் இருந்தால் நகல் சிங்கப்பூரில் இருக்கலாம், உங்கள் அலுவலகத்தில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஒரு பெரிய டிஸ்க் போட்டு அதிலும் வைக்கலாம்.

ரெய்டு (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ஏற்பாடு) போட்டிருக்கிறேன் என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். ஒரு டிஸ்க் பழுதானால் ரெய்டு காப்பாற்றும். நீங்களே தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அது இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பேக்கப் ஓட வேண்டும்?

எத்தனை மணி நேர வேலையை மறுபடி உட்கார்ந்து தட்டச்சு செய்ய உங்களால் முடியும் என்று கேட்டுப் பாருங்கள், அதுதான் இடைவெளி. மருந்துக்கடை பில்லிங்கை எடுத்துக்கொள்வோம். தினமும் இரவு 2 மணிக்கு பேக்கப், இரவு 9 மணிக்குக் கடை மூடும் நேரத்தில் டிஸ்க் போய்விட்டது என்றால் அன்றைய பில் அத்தனையும் காணாமல் போகும். கடைக்காரர் அதைத் தாங்க மாட்டார். அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸில் இருப்பதை ஒரு கோப்பாக எடுப்பது) வேண்டும், அது சின்னதாகத்தான் இருக்கும். அதே கடையின் வலைத்தளப் படங்களை வாரம் ஒருமுறை எடுத்தால் போதும். எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை என்று வைப்பதால்தான் பலரும் திணறுகிறார்கள். மாறுவது எது, மாறாதது எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை குறையும்.

க்ரானா, சிஸ்டம்டி டைமரா?

இரண்டும் சரி. குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டுவதுதான் இரண்டின் வேலையும். க்ரான் பெரும்பாலான லினக்ஸில் இருக்கும், ஒரே வரியில் முடிந்துவிடும், அடுத்து வருபவருக்கும் புரியும். ஆனால் 2 மணிக்கு சர்வர் அணைந்திருந்தால் க்ரான் அந்த முறையை விட்டுவிட்டு மறுநாள் 2 மணிக்குத்தான் எழும். சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டென்ட்' என்ற அமைப்பை இயக்கிவிட்டால், தவறிய வேலையை சர்வர் திரும்ப எழுந்ததும் ஓட்டிவிடும். இன்னொரு வசதி: முந்தைய ஓட்டம் இன்னும் முடியாமல் இருந்தால் சிஸ்டம்டி அதே வேலையை இரண்டாவதாகத் தொடங்காது. க்ரான் தொடங்கிவிடும், இரண்டு பேக்கப்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி டிஸ்க்கைப் பிடித்து உலுக்கும். அதனால் க்ரானைப் பயன்படுத்துபவர்கள் கட்டளைக்கு முன்னால் 'எஃப்லாக்' என்ற பூட்டுக் கட்டளையைப் போட்டு, பூட்டு கிடைக்காவிட்டால் உடனே வெளியேறும்படி வைக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் டைமர் போடுங்கள் என்பேன். ஏற்கெனவே க்ரான் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் அதற்காக மாற்ற வேண்டாம்.

இரவு 2 மணிக்கு வைத்தேன், காலை 7:30-க்கு ஓடுகிறது. ஏன்?

சர்வரின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. வெளியில் எடுக்கும் சர்வர்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் போகிறது, ஆகவே நம் இரவு 2:00 என்பது அங்கே முந்தைய நாள் இரவு 8:30. க்ரானில் "30 20 * * *" என்று எழுத வேண்டும் (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்பது வரிசை). வாராந்திர வேலைகளில் கிழமையும் மாறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: நமக்கு ஞாயிறு அதிகாலை 2 மணி என்றால் சர்வருக்கு அது சனிக்கிழமை.

அப்படியென்றால் சர்வர் நேரத்தையே இந்திய நேரத்துக்கு மாற்றிவிடலாமா? மாற்றலாம், நமக்குக் கோடைகால நேர மாற்றம் இல்லாததால் சிக்கல் வராது. அமெரிக்க, ஐரோப்பிய நேரத்தில் சர்வரை வைத்திருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் மார்ச் மாதம் ஒரு ஞாயிறு அதிகாலை 2 மணியிலிருந்து நேராக 3 மணிக்குப் போய்விடும், நவம்பரில் ஒரு ஞாயிறு 1 மணி முதல் 2 மணி வரை இரண்டு முறை வரும். நான் சர்வரை யூடிசியிலேயே விட்டுவிட்டு, க்ரான் வரிக்கு மேலே ஒரு குறிப்பாக "இந்திய நேரம் இரவு 2:00" என்று எழுதி வைக்கிறேன்.

இன்னொரு பொறி: "0 2 1 * 0" என்று எழுதினால், மாதத்தின் முதல் தேதி ஞாயிறாக வந்தால் மட்டும் ஓடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. ஒவ்வொரு முதல் தேதியும் ஓடும், ஒவ்வொரு ஞாயிறும் ஓடும். தேதி, கிழமை இரண்டையும் குறித்தால் க்ரான் ஏதாவது ஒன்று பொருந்தினாலே ஓட்டிவிடும். அப்புறம் சரியாக மணி அடிக்கும்போது வைக்காதீர்கள், எல்லாரும் அப்போதுதான் வைக்கிறார்கள். 17 நிமிடம், 43 நிமிடம் என்று எதையாவது வையுங்கள்.

நானே டெர்மினலில் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் வைத்தால் ஓடவில்லை. என்ன கோளாறு?

எனக்கு வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். நீங்கள் லாகின் செய்யும்போது உங்களோடு நிறைய விஷயங்கள் கூடவே வருகின்றன, க்ரான் அவை எதுவும் இல்லாமல் கிட்டத்தட்ட வெறுங்கையோடு எழுகிறது. முதலில் பாத், அதாவது கட்டளைகளை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்ற பட்டியல். க்ரானின் பாத் பட்டியலில் இரண்டு மூன்று கோப்புறைகள்தான் இருக்கும், நீங்கள் தனியாக நிறுவிய ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவியோ வேறு கருவியோ அதற்குக் கண்ணில் படாது. ஸ்கிரிப்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் முழுப் பாதையை எழுதுங்கள், இல்லை ஸ்கிரிப்டின் தலையிலேயே பாத்தை வரையறுத்துவிடுங்கள்.

அடுத்தது எஸ்எஸ்எச் கீ, அதாவது இன்னொரு சர்வருக்குள் பாஸ்வேர்டு தட்டாமல் நுழைய உதவும் சாவிக் கோப்பு. கீக்கு நீங்கள் பாஸ்பிரேஸ் (அந்தக் கீயைத் திறக்கும் பாஸ்வேர்டு) வைத்திருந்து, காலையில் ஒருமுறை தட்டச்சு செய்துவிட்டு மறந்திருப்பீர்கள், அதை ஏஜென்ட் என்ற துணை நிரல் நினைவில் வைத்திருக்கும். க்ரானுக்கு அந்த ஏஜென்ட் கிடையாது. பேக்கப்புக்கென்று பாஸ்பிரேஸ் இல்லாத தனி கீ உருவாக்கி, அந்தக் கீயால் மறுபக்கத்தில் பேக்கப் தவிர வேறு எதுவும் செய்ய முடியாதபடி கட்டிப்போடுங்கள். மறுபக்க சர்வரை முதல்முறை தொடும்போது "இதை நம்பலாமா" என்று எஸ்எஸ்எச் கேட்கும் அல்லவா, க்ரான் எந்தப் பயனராக ஓடுகிறதோ அந்தப் பயனராகவே ஒருமுறை நுழைந்து அதற்குப் பதில் சொல்லிவிட வேண்டும். உங்கள் பெயரில் சொல்லிவிட்டு எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனரின் பெயரில் க்ரான் வைத்தால் அது மறுபடி கேட்கும், பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

மூன்றாவது, சதவீதக் குறி. கோப்பின் பெயரில் தேதி வரட்டும் என்று தேதிக் கட்டளையை நேராக க்ரான் வரியிலேயே எழுதியிருப்பீர்கள், அதில் % வரும். க்ரான் அந்தக் குறியைப் புதிய வரி என்று எடுத்துக்கொண்டு அதற்குப் பிறகு வருவதைக் கட்டளையிலிருந்து வெட்டிவிடும். முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட்டால் சரியாகிவிடும், ஆனால் எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டில் எழுதிவிட்டு க்ரானில் அதன் பெயரை மட்டும் எழுதுவதுதான் சுத்தமான வழி.

டேட்டாபேஸ் இருக்கும் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் என்ன?

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை அப்படி எடுக்கக் கூடாது. கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வரவு எழுதிய பக்கம் பழைய நிலையிலும், பற்று எழுதிய பக்கம் புதிய நிலையிலும் வந்து நிற்கும். கோப்புறை நகலிலும் அதேதான் நடக்கும், பல சமயம் திறக்கவே திறக்காது.

மைஎஸ்க்யூஎல், மரியாடிபி என்றால் டம்ப் எடுக்கும் கட்டளையில் 'சிங்கிள் டிரான்சாக்ஷன்' தெரிவைச் சேருங்கள். இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கு அது ஒரே கணத்தின் காட்சியைத் தரும், கடையில் பில் போடுவதும் நிற்காது. பழைய மைஐசாம் வகை அட்டவணைகள் இருந்தால் இந்தத் தெரிவு அவற்றுக்கு உதவாது, முடிந்தவரை இன்னோடிபிக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸில் பிஜி டம்ப் தானாகவே ஒரே கணத்தைத்தான் எடுக்கிறது, ஆனால் பயனர் கணக்குகளும் அவற்றின் பாஸ்வேர்டுகளும் அதில் வராது, அவற்றை பிஜி டம்ப்ஆல் கொண்டு தனியாக எடுக்க வேண்டும். பேக்கப்பிலிருந்து மீட்கும், அதாவது ரீஸ்டோர் செய்யும் அன்றைக்குத்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

இங்கே எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சின்ன நிறுவனத்தின் சர்வரை என்னிடம் ஒப்படைத்தார்கள். பேக்கப் கோப்புறையைத் திறந்தால் தினம் ஒரு கோப்பு, தேதி தவறாமல், அழகாக அடுக்கியிருந்தது. ஏழு வாரமாக ஒவ்வொரு கோப்பும் சரியாக 20 பைட். டேட்டாபேஸின் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருக்கிறார்கள், டம்ப் கட்டளை தோற்றுவிட்டது, அதன் வெளியீட்டை வாங்கிச் சுருக்கும் ஜிசிப் மட்டும் வெறுமையைச் சுருக்கி ஒரு கோப்பாகக் கொடுத்துவிட்டு வெற்றி என்று சொல்லியிருக்கிறது. வெறுமையைச் சுருக்கினால் ஜிசிப் தருவது 20 பைட்தான். இரண்டு கட்டளைகளைப் பைப் போட்டு இணைத்தால் ஷெல் கடைசிக் கட்டளையின் முடிவை மட்டுமே பார்க்கும். பாஷ் ஸ்கிரிப்டின் மேலே 'பைப்ஃபெயில்' அமைப்பை இயக்கிவிட்டால் இடையில் எது தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று வரும். தயவுசெய்து இந்த ஒரு வரியை இன்றைக்கே சேர்த்துவிடுங்கள். அதோடு, கோப்பின் அளவு நேற்றையதில் பாதிக்கும் கீழே போனால் ஸ்கிரிப்ட் தோல்வி என்று சொல்லி நிற்கும்படி ஒரு சோதனையும் வையுங்கள்.

தினமும் ஆர்சிங்க் போட்டு வேறு சர்வருக்குக் கொண்டுபோகிறேன். அது பேக்கப்தானே?

ஆர்சிங்க் கோப்புகளை இன்னொரு இடத்தோடு ஒத்திசைக்கும் கருவி, அது தருவது பிரதி. இன்றைக்கு ஒரு கோப்பு கெட்டால் இன்றிரவே கெட்ட கோப்பு அங்கேயும் போய் நல்லதின் மேல் உட்காரும். 'டெலீட்' தெரிவையும் சேர்த்திருந்தால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். 1996 முதல் இருக்கும் அருமையான கருவி அது, நானும் தினமும் பயன்படுத்துகிறேன், ஆனால் பழைய நாட்களுக்குத் திரும்பிப்போக வழி இல்லாவிட்டால் அதைப் பேக்கப்பாகக் கணக்கில் எடுக்க முடியாது. ஆர்சிங்க்கையே வைத்து அதைச் செய்ய வேண்டும் என்றால் 'லிங்க் டெஸ்ட்' தெரிவைப் பாருங்கள்: ஒவ்வொரு நாளும் தனிக் கோப்புறை, மாறாத கோப்புகளுக்கு முந்தைய நாளின் கோப்போடு ஹார்டு லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர், கூடுதல் இடம் பிடிக்காது), மாறியது மட்டும் புதிதாக இடம் பிடிக்கும்.

அப்போ ரெஸ்டிக்கா, போர்க்கா?

எதை எடுத்தாலும் தவறில்லை. இரண்டும் திறந்த மூலப் பேக்கப் கருவிகள், இரண்டும் கோப்புகளைத் துண்டுகளாக்கி, ஒரே துண்டை இரண்டு முறை சேமிக்காது, இரண்டிலும் சங்கேதமாக்கிச் சேமிக்கலாம், அதனால் மறுபக்க நிறுவனத்தால் உங்கள் கோப்புகளைப் படிக்க முடியாது. அமேசான் எஸ்3 மாதிரியான சேமிப்பகத்துக்கு நேராக அனுப்ப வேண்டும் என்றால் ரெஸ்டிக் எளிது. எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு லினக்ஸ் சர்வருக்கு என்றால் போர்க் நன்றாக ஓடும், மறுபக்கத்திலும் அதை நிறுவியிருந்தால் வேகமும் கிடைக்கும். போர்க் 1.2 முதல் பழையதை நீக்கினால் மட்டும் இடம் திரும்பாது, 'காம்பேக்ட்' என்ற கட்டளையையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும். டிஸ்க் நிறைந்து பேக்கப் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சர்வரே பேக்கப்பை வெளியே தள்ளுவதா, பேக்கப் கம்ப்யூட்டர் வந்து இழுப்பதா?

சர்வருக்குள் ஒருவன் ரூட்டாகப் புகுந்துவிட்டால் உங்கள் பேக்கப்பை அவனால் அழிக்க முடியுமா? இதற்கு "முடியாது" என்று பதில் வர வேண்டும், அதற்கு எந்த வழியானாலும் சரி. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் ஆட்கள் இப்போதெல்லாம் முதலில் தேடுவது பேக்கப் எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

இழுக்கும் முறையில் சர்வரிடம் பேக்கப் கம்ப்யூட்டருக்கான சாவியே இருக்காது, அதனால் அங்கிருந்து போய் அழிக்க முடியாது. ஆனால் பேக்கப் கம்ப்யூட்டரிடம் எல்லா சர்வர்களின் சாவியும் இருக்கும், அதை மிகவும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். தள்ளும் முறையில் சேர்க்க மட்டும் அனுமதி, அழிக்க அனுமதி இல்லை என்று மறுபக்கத்தில் கட்டுப்பாடு வைக்கலாம். போர்க்கிலும் ரெஸ்டிக்கின் ரெஸ்ட் சர்வரிலும் 'அப்பெண்ட் ஒன்லி' என்று அதற்கு ஒரு நிலை இருக்கிறது. எஸ்3-ல் 'ஆப்ஜெக்ட் லாக்' இருக்கிறது. அதன் கம்ப்ளையன்ஸ் நிலையில் குறித்த நாள் வரும்வரை கணக்கின் உரிமையாளரே நினைத்தாலும் அழிக்க முடியாது, அதனால் முதலில் சில நாட்களுக்கு மட்டும் வைத்துப் பழகுங்கள். 400 நாள் என்று தவறுதலாக வைத்தால் 400 நாளும் அதற்குப் பணம் கட்ட வேண்டும்.

பழைய பேக்கப்களை நீக்கும் வேலையை இந்த அமைப்பில் சர்வரில் ஓட்டக் கூடாது. வேறு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து, அண்மைப் பேக்கப்களின் எண்ணிக்கையும் அளவும் இயல்பாக இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

எத்தனை நாள் பேக்கப்பை வைத்திருக்க வேண்டும்?

தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 6 என்பதில் தொடங்குங்கள். ரெஸ்டிக், போர்க் இரண்டும் இந்த எண்களை அப்படியே வாங்கிக்கொள்ளும். மாதாந்திர நகல்களை வீண் என்று வெட்டிவிடாதீர்கள். மார்ச்சில் அழிந்த ஒரு மாணவர் பட்டியலை ஜூனில், பள்ளி திறந்த பிறகுதான் தேடுவார்கள்.

கணக்குப் புத்தகங்கள் வேறு விஷயம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதை இந்த பேக்கப் சுழற்சியை நம்பி விடாதீர்கள், வருட முடிவில் தனியாக ஒரு நகல் எடுத்துப் பூட்டி வையுங்கள்.

டேட்டா பெரிதாகிவிட்டது, ஒரு இரவுக்குள் முடிவதில்லை. என்ன செய்வது?

முதலில் கணக்குப் போடுங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி போகும். 500 ஜிபி போக 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அலுவலக இணைப்பின் பதிவேற்ற வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் 55 மணி நேரம், அதாவது இரண்டு நாளுக்கும் மேல். அதனால் முதல் முழு நகலைத் தனியாக ஒரு வார இறுதியில் ஓட விடுங்கள், அதன் பிறகு தினமும் மாறியது மட்டும்தான் போகும், அது பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். தினசரியும் நேரம் பிடித்தால் எதை அனுப்புகிறீர்கள் என்று பாருங்கள். கேஷ் கோப்புறை, லாக், பழைய டம்ப்கள் எல்லாம் சேர்ந்து போய்க்கொண்டிருக்கும். டம்ப்பை ஜிசிப் போட்டு ரெஸ்டிக்குக் கொடுப்பவர்கள் ஜிசிப்பை எடுத்துவிடுங்கள், சுருக்கிய கோப்பில் ஒரு வரி மாறினாலும் அதற்குப் பின்னால் வருவது பெரும்பாலும் எல்லாமே மாறிவிடும், ஒரே துண்டைத் திரும்பச் சேமிக்காத வசதி வீணாகும். பேக்கப் ஓடும்போது தளம் மெதுவாகிறது என்றால் 'நைஸ்', 'ஐஓநைஸ்' இரண்டையும் கட்டளைக்கு முன்னால் சேர்த்து அதன் முன்னுரிமையைக் குறைக்கலாம்.

ஆனால் பெரிதாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிட மட்டும் வேண்டாம். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் தரவு மையம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் அலுவலகக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம், 858 டெராபைட், முழுவதும் போனது. அளவு மிகப் பெரிது என்பதால் வெளியே பேக்கப் வைக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். மொத்தத்தையும் எடுக்க முடியாவிட்டால், இழந்தால் திரும்ப உருவாக்கவே முடியாத பகுதியையாவது பிரித்து எடுங்கள்.

பேக்கப் தோற்றால் எனக்கு எப்படித் தெரியும்? மெயில் வருமே?

மெயிலை நம்பி ஏமாந்தவர்களில் பெரிய நிறுவனங்களும் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் பிரதி சர்வரில் செய்ய நினைத்த அழிப்பை முதன்மை சர்வரில் செய்துவிட்டார், ஏறக்குறைய 300 ஜிபி டேட்டாபேஸ் போனது. சரி, தினசரி டம்ப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் சேமிப்பகம் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, அதனால் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. பிழையைச் சொல்லும் மெயில் போயிருக்கிறது, ஆனால் டிமார்க் என்ற மெயில் சரிபார்ப்பு விதிப்படி கையொப்பம் இல்லாததால் பெறும் பக்கம் அதை ஏற்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால், அந்த ஆறு மணி நேரத் தரவு மட்டும் போய் மீதி தப்பியது. இவ்வளவையும் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள், அதற்காக அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

நம் மாதிரி சின்ன சர்வர்களில் நிலைமை இன்னும் மோசம். பல கிளவுட் நிறுவனங்கள் மெயில் வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கின்றன, க்ரான் அனுப்பும் மெயில் சர்வரை விட்டு வெளியேறுவதே இல்லை.

அதனால் தலைகீழாக வையுங்கள். பேக்கப் வெற்றியாக முடிந்ததும் ஸ்கிரிப்டின் கடைசி வரி வெளியே இருக்கும் ஒரு கண்காணிப்பு சேவையைத் தட்டட்டும், அதாவது அதன் இணைய முகவரியை ஒருமுறை அழைக்கட்டும். குறித்த நேரத்துக்குள் தட்டல் வரவில்லை என்றால் அந்தச் சேவை உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பட்டும். ஸ்கிரிப்ட் தோற்றாலும், க்ரான் நின்றாலும், சர்வரே செத்தாலும், பணம் கட்டாமல் கணக்கு முடங்கினாலும் தட்டல் வராது, உங்களுக்குத் தெரிந்துவிடும். ஹெல்த்செக்ஸ் என்ற சேவை இதற்கென்றே இருக்கிறது, சில வேலைகள் வரை இலவசம், திறந்த மூலம் என்பதால் நீங்களே வேறு சர்வரில் நிறுவிக்கொள்ளவும் முடியும். தட்டும் வரி ஸ்கிரிப்டின் கடைசியில்தான் இருக்க வேண்டும், முன்னால் எது தோற்றாலும் அந்த வரிக்கு வராமல் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். தினமும் "வெற்றி" என்று மெயில் அனுப்பும் ஏற்பாடு வேண்டாம். பத்தாவது நாளிலிருந்து அதை யாரும் படிப்பதில்லை, வராமல் போன நாளையும் கவனிப்பதில்லை.

ரீஸ்டோர் சோதனையை எப்படிச் செய்வது? சர்வரை அழித்துவிட்டா பார்ப்பது?

ஐயோ, வேண்டாம். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு காலி சர்வரை எடுங்கள், உங்கள் பழைய சர்வரைத் தொடாமல், பேக்கப்பை மட்டும் வைத்து தளத்தை எழுப்பிப் பாருங்கள். கடைசி பில் எண் என்ன, நேற்று இரவு இருந்ததோடு பொருந்துகிறதா, படங்கள் திறக்கின்றனவா, லாகின் ஆகிறதா என்று பாருங்கள். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல்முறை அரை நாள் ஆகும், ஏனென்றால் வெப் சர்வரின் அமைப்புக் கோப்பு, எஸ்எஸ்எல் சான்றிதழ், க்ரான் பட்டியல் என்று எதையெல்லாம் பேக்கப்பில் சேர்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரியும். இரண்டாம் முறை ஒரு மணி நேரத்தில் முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது செய்யுங்கள், முடிந்ததும் அந்தத் தற்காலிக சர்வரை மறக்காமல் அழியுங்கள், வாடிக்கையாளர் விவரம் அதில் கிடக்கிறது.

இடைப்பட்ட வாரங்களுக்கு ஒரு ஸ்கிரிப்ட் போதும். ஞாயிறுதோறும் கடைசி டம்ப்பை ஒரு தற்காலிக டேட்டாபேஸில் ஏற்றி, பில் அட்டவணையில் கடைசிப் பதிவின் தேதி என்ன என்று கேட்டு, அது இரண்டு நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் தோல்வி என்று சொல்லட்டும். இதற்கும் தனியாக ஒரு தட்டல் வையுங்கள். ரெஸ்டிக்கில் 'செக்' கட்டளை அமைப்பைச் சரிபார்க்கும், ஆனால் தரவைப் படிக்காது. ஒவ்வொரு வாரமும் தரவில் 5 சதவீதத்தைப் படித்துப் பார்க்கும்படி அதற்கு ஒரு தெரிவு இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேக்கப்பின் பாஸ்வேர்டை எங்கே வைப்பது?

ஸ்கிரிப்ட் தானாக ஓட வேண்டும் என்பதால் சர்வரில் ஒரு கோப்பில் இருந்தாக வேண்டும், ரூட் மட்டுமே படிக்கும்படி வையுங்கள். ஆனால் அங்கே மட்டும் இருந்தால், சர்வர் போகும் நாளில் பாஸ்வேர்டும் போகும். சங்கேதமாக்கிய பேக்கப் பத்திரமாக சிங்கப்பூரில் இருக்கும், அதைத் திறக்க யாராலும் முடியாது. மறந்துபோன பாஸ்வேர்டை மீட்க ரெஸ்டிக்கில் எந்த வழியும் கிடையாது, வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். போர்க்கிலும் இதே கதைதான், அதில் கீ கோப்பைத் தனியாக வைத்திருந்தால் அதையும் ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். என் பாஸ்வேர்டு மேனேஜரில் ஒன்று. காகிதத்தில் கையால் எழுதி உறையிலிட்டு, கடை முதலாளியின் பீரோவில் ஒன்று. அதே உறைக்குள் இன்னொரு தாளில் பேக்கப் எந்த நிறுவனத்தில் இருக்கிறது, எந்தக் கணக்கு, ரீஸ்டோர் செய்ய எந்த வரிசையில் எந்தக் கட்டளைகள் என்று, என்னைத் தெரியாத ஒரு லினக்ஸ் பையன் வந்தாலும் செய்துவிடும் அளவுக்கு எழுதியிருக்கிறேன். எனக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும், நான் ஊரிலேயே இல்லாவிட்டாலும் அந்தக் கடை மறுநாள் பில் போட வேண்டும். ரீஸ்டோர் சோதனை செய்யும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறக்காமல், பீரோவிலிருந்து அந்த உறையை வாங்கி, அதில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்துத்தான் செய்கிறேன். போன முறை அதில் ஒரு கட்டளை பழைய பதிப்பினுடையதாக இருந்தது, திருத்தி எழுதி, தேதி போட்டுத் திரும்ப ஒட்டிக் கொடுத்தேன்.